மூடிச் சத்தம்

அந்தக் காந்தம் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தலைத்துணி நழுவாமல் இருக்கத் துணிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஊசி குத்த வேண்டாம், துணியும் கிழியாது. மெஹபூப் பாஷா இதைப் பெங்களூரு சிக்பேட்டையில் மொத்தமாக வாங்கி வருவார். மாலையில் அவரும் அவர் மனைவி சபீஹா அக்காவும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, அட்டையில் ஜோடி ஜோடியாக வைத்து உறை போடுவார்கள். காலையில் அந்த அட்டைகள் வளையல், கிளிப், தலைத்துணிகளோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கும் அவருடைய தள்ளுவண்டிக்குப் போகும்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பகலில் சபீஹா அக்கா வேலை செய்யும் அதே கம்பெனியில், அவருடைய லைனின் கடைசியில் போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து பொருளின் தரம் பார்ப்பது என் வேலை. வாரத்தில் சில மாலைகள் பகுதிநேர டிப்ளமோ வகுப்பு. வகுப்பு இல்லாத மாலைகளில் கீழே இறங்கி வந்து நானும் அட்டை போடுவேன். மார்கழிக் குளிரில் மாடி அறைத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். கீழே அடுப்படிச் சூடு உண்டு, பேச்சும் உண்டு.

அன்று பேச்சு இல்லை. லைன் லீடர்களுக்கெல்லாம் கம்பெனி மூன்று நாள் பயிற்சி வைத்திருந்தது. அது முடிந்து வந்ததிலிருந்து அக்கா வாயே திறக்கவில்லை. கை மட்டும் காந்தங்களைப் பிரித்து ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு காந்தத்தை எடுத்தால் பக்கத்தில் இருக்கிற நாலு காந்தமும் கூடவே வரும். அவற்றை நகத்தால் நெம்பிப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"ராஜி, இதை நம்ம லைனுக்குக் கொண்டாந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. காந்தம் லைனில் இருப்பது தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் லைனில் வண்டிகளுக்குப் போகும் பேட்டரி வயர் செய்கிறார்கள். விரல் தடிமன் வயரின் நுனியில் ஒரு பித்தளை வளையத்தைச் செருகி, மெஷினுக்குள் வைத்து, கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக் மூடியை மூடி, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வளையத்தை வயரோடு நசுக்கிப் பிடிக்கும். மூடி மூடியிருந்தால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. மூடி மூடியிருக்கிறதா என்று மெஷினுக்குச் சொல்வது ஒரு சென்சார். மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம் பதித்திருக்கும், அது நெருங்கி வந்தால் சென்சார் விளக்கு பச்சையாகும். ஆகவே தலைத்துணிக் காந்தம் ஒன்றைச் சென்சார் மேல் ஒட்டிவிட்டால் போதும். மூடி திறந்தே கிடந்தாலும் விளக்கு பச்சை. ஒவ்வொரு தடவையும் திறந்து மூடுகிற நேரம் மிச்சம். அந்த மிச்சத்தில்தான் டார்கெட் எட்டும்.

"நான்தான்" என்றார் அக்கா. "காண்ட்ராக்ட்ல இருந்தப்போ. கையால கணக்குப் போட்டுப் பாத்தேன், மூடிய மூடித் தொறந்தா எந்தக் காலத்துலயும் டார்கெட் வராது. முக்காட்டுல இருந்து கழட்டி வெச்சேன். அந்த மாசமே பெஸ்ட் ஆபரேட்டர். அப்புறம் பர்மனென்ட். அப்புறம் லீடர்."

மெஹபூப் பாஷா கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தார். "அதான பாத்தேன். பொட்டு வெச்ச பொண்ணுங்க, சிலுவை போட்ட பொண்ணுங்கல்லாம் கம்பெனி யூனிஃபார்மோட வந்து காந்தம் கேக்குதுங்க. முக்காடே போடாதவங்களுக்கு எதுக்குடா இதுன்னு நானும் ரோசனை பண்ணுவேன். வியாபாரம் ஆவுதே, கேப்பானேன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாராம். உங்கள் டீமிடம் நீங்கள் எதை மறைக்கிறீர்கள், வெளியே சொல்ல வேண்டாம், மனதுக்குள் பாருங்கள் என்றாராம். தன்னைப் பார்க்கத் தெரியாதவன் பத்துப் பேரை நடத்த முடியாது என்றாராம். மற்ற லீடர்கள் கண்ணை மூடியபடி தூங்கினார்கள், மதியச் சாப்பாடு அப்படி. அக்காவுக்கு அந்தக் காந்தம் கண்ணுக்குள் வந்து நின்றிருக்கிறது.

"ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் மூடு மூடுன்னு கத்துவேன், பாத்திருக்கியா? மத்த நாள்ல அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். ஏன் கத்தறேன், ஏன் திரும்பலைன்னு இப்பதான் தெரியுது. பயம். வெச்சிருக்கறது யாருன்னு பாக்கப் போனா, மொதல்ல வெச்சது யாருன்னு கேள்வி வரும்ல."

"தெரிஞ்சுதில்ல?" என்றார் மெஹபூப் பாஷா. "துவாவுல சொல்லி அழுதுடு. அல்லா கேட்டுக்குவான். அவன் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டான். கம்பெனி அப்படி இல்ல."

"யாராச்சும் வெரல் போச்சுன்னா?"

மெஹபூப் பாஷா ஒட்டிக்கொண்டு வந்த காந்தங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

லைனின் கோடி மெஷின் முனிலட்சுமியுடையது. ஜவளகிரிக்காரி. காடு முடிகிற இடத்தில் வீடு. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் பக்கத்து ஊரான தளிக்கு வந்துவிடும் என்பதால் அவள் இன்னும் முன்னால் எழுந்து, களி கிண்டி வைத்துவிட்டு, கணவன் சென்னப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவாள். அவனும் தூங்கியிருக்க மாட்டான். கேழ்வரகு கதிர் முற்றுகிற காலத்தில் யானைகள் இறங்கும், பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருப்பான். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், லைனில் தமிழ் என்று முனிலட்சுமிக்கு மூன்றும் ஒரே வாயில் வரும். பல வருடமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பேட்சில் பர்மனென்ட் என்று காண்ட்ராக்டர் சொல்வான். அவள் அதை நம்புகிறாளா என்று நான் ஒருமுறை கேட்டேன். நம்பாமல் போனால் பஸ் ஏற முடியாதே என்றாள்.

ஷிஃப்ட் தொடங்குமுன் லைன் முழுக்க வட்டமாக நின்று கூட்டம் போடுவது எங்கள் வழக்கம். பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம், நேற்றைய உற்பத்தியைப் படிப்போம், கலைவோம். மறுநாள் காலை உறுதிமொழி முடிந்ததும் அக்கா போர்டைப் பார்க்கவில்லை. ஹெச்.ஆர். ஜெகதீஷ் பின்னால் வந்து நின்றிருந்தார். பயிற்சிக்குப் பிறகு கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு லைனாக வந்துகொண்டிருந்தார். அக்கா தன் கழுத்துக்குக் கீழே இருந்த காந்தத்தைக் கழற்றி, நடுவில் இருந்த இரும்பு மேசையில் வைத்தார். அது 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது.

"இது என்னோடது. இந்த லைன்ல மொதமொதல்ல சென்சார் மேல வெச்சது நான்தான். என்னைப் பாத்துதான் எல்லாரும் வெச்சீங்க. அதனால இது உங்க தப்பு இல்ல. உங்ககிட்ட இருக்கறதை இங்க வைங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முனிலட்சுமிதான் முதலில் வந்தாள். காந்தத்தை வைத்தாள். வைத்த பிறகும் போகாமல் நின்று, வலது கையுறையைக் கழற்றி ஆள்காட்டி விரலைக் காட்டினாள். நகம் கருநீலமாகச் செத்திருந்தது.

"போன வாரம் மாட்டிக்கிச்சுக்கா. கையுறை நுனியோட போச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை."

அக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பாவாடை மடிப்பிலிருந்தும் செல்போன் உறையிலிருந்தும் காந்தங்கள் வந்தன. மேசைக்கு வந்ததும் அவை தாமாகத் துள்ளி ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாகிவிட்டன. ஜெகதீஷ் கைதட்டினார். எல்லோரும் தட்டினோம். அக்கா மட்டும் முனிலட்சுமியின் கையை இன்னும் விடவில்லை. ஜெகதீஷ் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அன்று நாள் முழுக்க லைனில் மூடிச் சத்தம் கேட்டது. மூடும்போது 'டொக்', அச்சு இறங்கும்போது 'தட்'. டொக், தட். டொக், தட். நான் அந்த மேசைக்கு வந்ததிலிருந்து முதல் சத்தத்தை அப்படி வரிசையாகக் கேட்டதே இல்லை. உற்பத்தி விழுந்தது. மேனேஜர் வந்து போர்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போய்விட்டார்.

மாலையில் அக்கா குஸ்கா செய்தார். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். நான் பார்த்து அவர் அவ்வளவு பேசியது அன்றுதான். லீடரான பிறகு ஒரு பெண்ணின் கையைத் தொட்டதே இல்லை, மெஷினைத்தான் தொட்டிருக்கிறேன் என்றார். மெஹபூப் பாஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படம் புடிச்சாங்கன்னியே. அதுல யார் யார் இருக்காங்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம், பனி மூடிய ஒரு காலையில், கேட்டில் முனிலட்சுமியின் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பின்னால் வரிசை நீண்டது. பக்கமாக நிற்கச் சொன்ன செக்யூரிட்டி, காண்ட்ராக்டருக்குப் போன் போடச் சொன்னார். அவன் போனில் சொன்னது எங்களுக்கும் கேட்டது. பாதுகாப்பு விதியை மீறி, அடிபட்டதையும் மறைத்ததாக மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது, இனி வர வேண்டாம், பாக்கிச் சம்பளம் வீடு தேடி வரும். அவள் போனை இறக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். டிபன் பாக்ஸ் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஊருக்குத் திரும்பக் கம்பெனி பஸ் சாயங்காலம்தான்.

"அக்காகிட்ட சொல்லு" என்றாள் என்னிடம். "அவங்க பாத்துக்குவாங்க."

நான் போய்ச் சொன்னேன். அக்கா அப்போதே கிளம்பி ஹெச்.ஆர். அறைக்குப் போனார். தரம் பார்த்த அறிக்கையைக் கொடுக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

ஜெகதீஷ் கெட்டவர் இல்லை. அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். படத்தை நல்லெண்ணத்தில்தான் மேலிடத்துக்கு அனுப்பியதாகவும், அங்கே பாதுகாப்புப் பிரிவில் ஒருவர் படத்தைப் பெரிதாக்கி அந்த நகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டதாகவும் சொன்னார். அடிபட்டதைப் பதிவு செய்யவில்லை என்றால் கம்பெனிக்குப் பிரச்சினை. அடிபட்ட ஆள் கம்பெனி ஆளாக இல்லாவிட்டால் பிரச்சினை குறைவு.

"மொதல்ல வெச்சது நான்" என்றார் அக்கா. "நான்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நீங்களும்தான் இருந்தீங்க. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

"ஏனு மாடோது மேடம், என்ன பண்றது சொல்லுங்க? நீங்க பர்மனென்ட். உங்களுக்கு மெமோ குடுக்கணும், விசாரணை வைக்கணும், யூனியன் வரும். அவங்க காண்ட்ராக்ட். பேப்பர்ல நம்ம ஆளே இல்ல. இல்லாத ஆளை நான் எப்படி வேலைக்கு வெச்சுக்கறது?" சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்களைப் பத்தி மேல ரொம்ப நல்லா பேசிக்கறாங்க. எல்லா பிளான்ட்லயும் உங்க மாதிரி ஓப்பனா பேசற லீடர் வேணும்னு சொல்றாங்க. அதைக் கெடுத்துக்காதீங்க."

அக்கா எழுந்தார். வெளியே வந்தால், கேன்டீன் வாசல் போர்டில் அந்தப் படம். அழகாகப் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி ஒட்டியிருந்தார்கள். நடுவில் அக்கா முகம், முன்னால் காந்தக் கட்டி. முனிலட்சுமியை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவள் கை அக்காவின் கைக்குள் இருந்ததால் அதை மட்டும் வெட்ட முடியவில்லை. மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, அதில் கருநீல நகம்.

அந்த வாரம் முழுக்க அக்கா அலைந்தார். காண்ட்ராக்டரைப் பார்த்தார். அவன், நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் நான் அவளை வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பேனே என்றான். யூனியன்காரரைப் பார்த்தார். அவர் காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கள் சங்கத்தில் இல்லை என்றார், உண்மையிலேயே வருத்தப்பட்டார். முனிலட்சுமிக்கு வேலை கேட்டுத் தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று கம்பெனி லீடர்களுக்குப் போன் போட்டார். ஏற்கெனவே வேலை செய்த இடத்தை ஏன் விட்டாள் என்று எல்லோரும் முதலில் கேட்டார்கள். அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. முன்பு நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை முனிலட்சுமி வந்தாள். பை நிறைய அவரைக்காய். பனிக்கால அவரை, கிட்டே வைத்தாலே வாசம் தூக்கும். சண்டைக்கு வந்திருப்பாளோ என்று நான் பயந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், எங்கே முறம் என்று கேட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து உரித்தோம். உரித்த கொட்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, விரல்களுக்கு இடையில் வைத்துப் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். முனிலட்சுமி நடுவிரலால் பிதுக்கினாள். ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

ஊர்க்கதை சொன்னாள். யானைகள் இந்தத் தடவை கேழ்வரகில் இறங்கிவிட்டன, தின்றதைவிட மிதித்தது அதிகம். வனத்துறைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். "எல்லாரும் படம் புடிக்கறாங்கக்கா" என்று சிரித்தாள். அக்கா தலையைத் தூக்கவில்லை.

"எங்கூட்டுக்காரு திட்டுது. யாரோ சொன்னாங்கன்னு நீ போய் வாயைத் தொறப்பியா, உனக்கு அறிவு இல்லையான்னு. நான் சொன்னேன், யாரோ இல்ல, எங்க லீடரு. 'நான் பாத்துக்கறேன்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிச்சுன்னு."

அக்காவின் கை நின்றது. பிதுக்கிய பருப்பு ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தேன் முனிலட்சுமி. எல்லாரையும் பாத்தேன். முடியலை."

முனிலட்சுமி இன்னும் இரண்டு கொட்டையைப் பிதுக்கிப் போட்டாள். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு குழந்தை கடையில் கேட்பதுபோல மெதுவாகத்தான் கேட்டாள்.

"இன்னொரு தபா பாரேன்க்கா."

சாப்பிடச் சொல்லியும் இருக்கவில்லை. தளி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ என்று கிளம்பிவிட்டாள். மெஹபூப் பாஷா அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார். அக்கா பருப்பை அடுப்பில் ஏற்றியிருந்தார். கொதித்துப் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான்தான் எழுந்து அணைத்தேன்.

"நான் வேலையை விட்டுடறேன்" என்றார் அக்கா.

மெஹபூப் பாஷா மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோளில் இருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "விட்டுடு. வண்டி இருக்குது. பசங்களா குட்டிங்களா, நாம ரெண்டு பேருதான. எப்படியோ ஓடும்."

"நான் விட்டா அவளுக்கு வேலை வருமா?"

"வராது."

"அப்ப யாருக்காக விடறது?"

அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். என்னிடம் சொன்னாரா, நான் அங்கே இருந்ததால் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை.

"அன்னிக்குப் பேசினப்போ தைரியம் வந்திருச்சுன்னு நெனச்சேன் ராஜி. தைரியம் இல்ல அது. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உள்ளுக்குள்ள தெரியும். அவளுக்கு ஆகும்னும் தெரியும். நானும் காண்ட்ராக்ட்ல கெடந்தவதான, தெரியாம இருக்குமா? தெரிஞ்சதை நெனச்சுப் பாக்கலை. கண்ணை மூடி உள்ள பாருங்கன்னு சொன்னாரே, பாத்தேன். பாதிதான் பாத்தேன். என் நெஞ்சுல இருந்ததை எறக்கி வெச்சா போதும்னு இருந்துச்சு. எங்க எறக்கறோம்னு பாக்கலை. இப்ப வேலையை விடறேங்கறதும் அதேதான். எனக்கு லேசாவறதுக்கு."

மெஹபூப் பாஷா மெதுவாக, "இப்படிப் பாத்துக்கிட்டே போனா மனுசன் எந்திரிச்சு நடமாட முடியாது சபீ" என்றார்.

"தெரியும்" என்றார் அக்கா.

அன்று அட்டை போடவில்லை. மெஹபூப் பாஷா காந்த மூட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். இனி விற்கப்போவதில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவருடைய வண்டியில் நான் காந்தம் பார்க்கவில்லை. எங்கள் லைன் பெண்கள் ராயக்கோட்டை ரோட்டில் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். டார்கெட்டை யாரும் குறைக்கவில்லை. முனிலட்சுமி போனதற்கு மறுநாளே லைனில் மூடிச் சத்தம் பாதியாகிவிட்டது. கோடி மெஷினுக்கு வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு புதுப்பெண் வந்தாள், நாகம்மா என்று பெயர். முதல் நாள் மூடினாள். மூன்றாம் நாள் அவளிடமும் காந்தம் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது.

அப்போதுதான் ஜெகதீஷ் வந்து, வேறு பிளான்ட் லீடர்கள் பார்க்க வருகிறார்கள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் அன்றைக்குப் பேசியது போலவே பேசுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். காந்தம் வைத்திருக்கிறவர்கள் மறுபடியும் தாமாக வந்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

திங்கள் காலை வட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டைகள் பின்வரிசையில் நின்றன. உறுதிமொழி முடிந்தது. அக்கா தலைத்துணிக்கு ஊசி குத்தியிருந்தார். அதைக் கவனித்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"இன்னிக்கு யாரும் எதையும் கொண்டாந்து வைக்க வேணாம்" என்றார். குரல் உயரவில்லை. "போன தடவை யாருக்கும் ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். என்னால பாத்துக்க முடியாது. அது அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லலை. முனிலட்சுமி என்னை நம்பி வந்துச்சு, இப்ப ஊட்டுல உக்காந்திருக்குது. அதனால என்கிட்ட எதைச் சொல்றதா இருந்தாலும் யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அதிகாரம் இல்லை. கை இருந்தாத்தான் எந்தக் கம்பெனிக்கும் போவ முடியும், அதனால மூடியை மூடுங்க. டார்கெட் கொறஞ்சா என் பேரைச் சொல்லுங்க. அவ்வளவுதான் என்கிட்ட இருக்குது."

யாரும் கைதட்டவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஜெகதீஷைப் பார்த்தார். ஜெகதீஷ் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் கலைந்தது. பெல் அடித்தது.

நான் என் மேசைக்குப் போனேன். டொக், தட் என்று கேட்கத் தொடங்கியது. எல்லா மெஷினிலிருந்தும். நான் எண்ணவில்லை, ஆனால் காது அதிலேயே இருந்தது. டீ நேரத்துக்கு முன்பே சில இடங்களில் டொக் உதிர்ந்து, தட் மட்டும் மிஞ்சியது. கோடி மெஷினில் அது வேகமாக விழுந்தது. தட், தட், தட்.

அக்கா அங்கே போனார். நாகம்மா கையை நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அக்கா திட்டவில்லை. சென்சார் மேல் இருந்த காந்தத்தை எடுத்து அவளிடமே கொடுத்தார். அவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "டார்கெட் வராதுக்கா. நான் வந்தே ஒரு வாரம்தான். என்னை அனுப்பிடுவாங்க" என்றாள்.

"தெரியும். நீ வயரை வை" என்றார் அக்கா.

அவள் காந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு, வளையத்தைச் செருகி வயரை உள்ளே வைத்தாள். கையை எடுத்ததும் அக்கா மூடியை மூடினார். அவள் மிதித்தாள். அச்சு இறங்கி ஏறியது. அக்கா திறந்தார். அவள் எடுத்து அடுத்ததை வைத்தாள். அக்கா மூடினார். முதலில் தாளம் தப்பியது, பிறகு சேர்ந்துவிட்டது. ஒருத்தி வைக்க ஒருத்தி மூட, டார்கெட் வேகம் வந்துவிட்டது. லீடர் செய்ய வேண்டிய மற்ற வேலைகள் அப்படியே கிடந்தன. மேனேஜர் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தார், நின்றார், அக்கா திரும்பாததால் போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அக்கா அங்கேதான் நின்றார். தோள் வலித்திருக்க வேண்டும், வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு இடதிலிருந்து வலதுக்கு. நாகம்மா ஒருமுறை அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னாள். அக்கா சிரித்த மாதிரி இருந்தது. டொக், தட். டொக், தட்.

நான் என் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். லைன் முழுக்க அந்த ஒரு மெஷினிலிருந்து மட்டும்தான் மூடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.